டயர் மாடலுக்கு எண்கள் எங்கே எடுப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "சார், புராஜெக்ட்டுக்கு டயர் மாடல் வேணும். மேஜிக் ஃபார்முலா போடறதா, எஃப்.இ.ஏ. பண்றதா, இல்ல நாமளே அளந்துடலாமா?" டயர் மாடல் என்றால், டயர் என்ன விசை தரும், எப்படி அமுங்கும் என்று கணக்கிடும் சமன்பாடு அல்லது கணினி வடிவம். மேஜிக் ஃபார்முலா அப்படி ஒரு சமன்பாடு. எஃப்.இ.ஏ. (ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்) என்பது டயரைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவது. காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து இன்ஜினியரிங் மாணவர்கள்தான் பெரும்பாலும் கேட்பது. ரேஸ் கார் கட்டும் மாணவர் அணிகளும் உண்டு. இந்த ஆண்டு ஆம்பூரில் செருப்பு சோல் அச்சடிக்கும் யூனிட் வைத்திருக்கும் ஒருவர், வண்டிக்கான ரப்பர் பாகங்கள் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர், இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டார். போனில் அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ரப்பர் சோதனைக்கூடத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவன். அதனால் கணினிக்குள் நடப்பதைவிட, கணினிக்குள் போகும் எண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பழைய வட ஆர்க்காட்டுக்கு டயரும் ரப்பரும் அந்நியம் இல்லை. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் சோல் ரப்பரை இழுத்தும் தேய்த்தும் மடக்கியும் பார்க்கிற கருவிகள் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் ரீட்ரேடிங் பட்டறைகள் இருக்கின்றன. இவற்றை வைத்தே பல வேலைகள் முடியும்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், டயரிடம் நீங்கள் எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பது. பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பது ஒரு கேள்வி. வளைவில் முன்சக்கரம் முதலில் வழுக்குமா, பின்சக்கரமா என்பது இன்னொன்று. குழியில் இறங்கினால் சஸ்பென்ஷனுக்கு எவ்வளவு அடி போகும் என்பது மூன்றாவது. டயரின் தோள்பட்டைப் பகுதியில் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் ஏன் பிரிகிறது என்பது நான்காவது. நான்கும் ஒரே டயரைப் பற்றியவைதான். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்லும் மாடல் மற்றொன்றுக்கு வாயே திறக்காது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கேள்வியை முடிவு செய்யாமலே மாடலை முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். மொத்தக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, வீச்சு. சக்கரம் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தைச் சறுக்குக் கோணம் என்போம். ஊருக்குள் சாதாரணமாக ஓட்டும்போது இது ஒன்றிரண்டு டிகிரியைத் தாண்டாது. அங்கே பக்கவிசை ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறும். கார் டயரில் உச்சம் சுமார் 6 முதல் 10 டிகிரிக்குள் வரும், அதன் பிறகு விசையின் வரைபடக் கோடு (வளைவு என்போம்) மடங்கிவிடும். உங்கள் கேள்வி நேர்கோட்டுப் பகுதியிலேயே முடிகிறதா, மடங்கும் இடம்வரை போகிறதா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். நேர்கோட்டுக்கு ஒரே ஒரு எண் போதும்.

மூன்றாவது, நம் வெயிலும் நம் தாரும். சித்திரை, வைகாசியில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும், தார் அதைவிட வெகுவாகச் சுடும். 33 பி.எஸ்.ஐ. வைத்த டயருக்குள் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறிவிடும். ரப்பரும் இளகும். எங்கோ குளிரூட்டிய அறையில் எடுத்த எண் இங்கே அப்படியே செல்லாது.

நான்காவது பணமும் நாளும், இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவது, பிழை நடந்தால் பிடிக்க வழி இருக்கிறதா என்பது. நான் அதிகம் மதிப்பது இதைத்தான். தப்பான எண் போட்டாலும் கணினி அழகான வரைபடம் தரும், வண்ணப்படமும் தரும். தப்பு என்று சொல்ல வெளியே ஒரு அளவு இருந்தால்தான் அது தெரியும்.

வழி 1: கடன் வாங்கிய எண்கள்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பசேகா, வோல்வோ நிறுவனத்தோடு சேர்ந்து 1980களில் உருவாக்கியதுதான் மேஜிக் ஃபார்முலா. 1987இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. சைனுக்குள் ஆர்க்டான் வைத்த ஒரு சமன்பாடு அது. அதில் நான்கு எழுத்துகள். 'டி' உச்ச விசை. 'சி' வளைவின் வடிவம். 'பி' என்பதை 'சி', 'டி' இரண்டோடும் பெருக்கினால் தொடக்கச் சரிவு கிடைக்கும். உச்சத்துக்கு அருகில் வளைவு எப்படி மடங்குகிறது என்பதை 'இ' சொல்லும். ரப்பர் ஏன் அப்படி நடக்கிறது என்று இந்தச் சமன்பாடு சொல்வதில்லை. அளந்த புள்ளிகள் மேல் நன்றாகப் பொருந்துகிறது என்பதே அதன் பலம்.

புத்தகங்களிலும் மென்பொருள்களின் மாதிரிக் கோப்புகளிலும் இந்த எண்கள் கிடைக்கும். ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும், செலவும் இல்லை.

செலவு பிறகு வரும். முதலில் அலகு. 1989 பதிப்பு எண்களில் சுமை கிலோநியூட்டனில், கோணம் டிகிரியில் இருக்கும். பிந்தைய பதிப்புகளில் நியூட்டன், ரேடியன். அடுத்தது குறி. ஒரு மரபில் செங்குத்து அச்சு கீழ்நோக்கி, மற்றொன்றில் மேல்நோக்கி. போன ஆண்டு ஒரு மாணவர் இரண்டு வாரம் தூங்காமல் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினால் அவருடைய கணினிக் கார் வலதுபக்கம் போனது. டயர் கோப்பு ஒரு மரபிலும் வண்டியின் சமன்பாடுகள் மற்றொன்றிலும் இருந்தன. ஒரே ஒரு கழித்தல் குறிதான். அவருக்காவது கார் எதிர்ப்பக்கம் போனதால் கண்ணில் பட்டது. அலகுத் தப்பு பல நேரம் கண்ணில் படாமலே அறிக்கைவரை போய்விடும்.

அதைவிடப் பெரியது, அது யாருடைய டயர் என்பது. ஐரோப்பாவில் எப்போதோ அளந்த அகலமான டயரின் எண்ணை, இங்கே ஓடும் 13 அங்குலச் சிறிய காருக்கு வைத்து "நிற்கும் தூரம் 38.4 மீட்டர்" என்று எழுதினால், அந்தத் தசமப் புள்ளிக்கு எந்த மதிப்பும் கிடையாது.

ஆனாலும் இந்த வழி சரியாக வரும் இடம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ். கட்டுப்பாட்டு நிரலின் தர்க்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க, திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் போட்டால் நடத்தை எந்தப் பக்கம் மாறும் என்று பார்க்க, வகுப்பில் கற்க, இது போதும். எந்தத் திசையில் மாறும் என்பதை நம்பலாம், எவ்வளவு மாறும் என்பதை நம்பக் கூடாது.

வழி 2: நம்மூர்த் தரையில் நாமே அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி, மாணவர்கள் மிகவும் தயங்கும் வழியும் இதுவே. "மெஷின் இல்லையே சார்" என்பார்கள். நான்கு அளவுகளுக்குப் பெரிய மெஷின் வேண்டாம்.

முதல் அளவு, டயரின் தடம். காட்பாடி ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு பஞ்சர் கடை. ஜாக்கி போட்டுக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ட்ரெட் (தரையைத் தொடும் ரப்பர்) மேல் ஸ்டாம்ப் பேடு மையைத் துணியால் தடவி, ஒட்டுப்பலகை மேல் கிராஃப் தாளை வைத்து, மெல்ல இறக்கினோம். "இன்னா சார், டயருக்குக் கைநாட்டு எடுக்கறீங்களா?" என்றார் கடைக்காரர். அதேதான். திரும்பத் தூக்கியதும் தாளில் தடம் கிடந்தது. ஓரங்கள் கறுப்பாக, நடுவில் சற்று மங்கலாக, காடிகள் வெள்ளைக் கோடுகளாக. ஓரம் கறுத்தால் காற்று குறைவு, நடு கறுத்தால் அதிகம். கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைக்கும். சக்கரத்துக்கு 350 கிலோ, 33 பி.எஸ்.ஐ. என்று வைத்தால், சுமையை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் வர வேண்டும். எண்ணிய பரப்பு இதிலிருந்து விலகும். காற்று மட்டும் சுமையைத் தாங்கவில்லை, டயரின் உடலும் ஒரு பங்கு தாங்குகிறது என்பதால். 25, 29, 33, 37 பி.எஸ்.ஐ. என்று நான்கு தாள் எடுத்தால் அந்தப் பங்கு என்னவென்று கையாலேயே கணக்கிடலாம். காகிதம், மை, ஒரு மணி நேரம்.

இரண்டாவது, செங்குத்து விறைப்பு. விசையை அளக்கும் ஒரு டன் லோட் செல்லும் சிறிய ஹைட்ராலிக் ஜாக்கியும் வைத்து டயரைக் கீழிருந்து தள்ளி, எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பார்ப்பது. சாதாரணக் கார் டயரில் மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் சுற்றுவட்டாரத்தில் வரும், அதாவது 350 கிலோவுக்கு 17 மில்லிமீட்டர். உங்களுக்கு 2,000 வந்தால் அலகைத் திரும்பப் பாருங்கள்.

மூன்றாவது, உருளும் தடை. சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, 10க்கு இறங்க எத்தனை வினாடி என்று எடுப்பது. குறைந்த வேகத்தில் காற்றின் தடை சிறியது என்பதால் இப்படி. தடைக் கெழு 0.012 என்றால் சுமார் 23 வினாடி வரும். சமதளம் என்று நாம் நினைக்கும் சாலை 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிந்திருந்தால் போதும், டயரின் தடையில் நாற்பது சதவீதத்துக்குச் சமமான விசையை அந்தச் சரிவே போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத சரிவு அது. ஆகவே போகும்போது ஐந்து முறை, வரும்போது ஐந்து முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஒரே பக்கம் ஓட்டிய எண்ணை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

நான்காவதுதான் பக்கவிசை. இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைக் கட்டி, இரண்டு சக்கரத்தையும் எதிரெதிராக உள்நோக்கித் திருப்பி வைப்பது, முதலில் ஒரு டிகிரி, பிறகு இரண்டு, மூன்று. நேராக இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று உள்ளே தள்ளும், டிரெய்லர் எந்தப் பக்கமும் விலகாது. அச்சை நடுவில் வெட்டி லோட் செல் வைத்தால் பக்கவிசை நேரடியாகக் கிடைக்கும். சுமைக்குச் சிமென்ட் மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ என்பதால் கணக்கும் எளிது. வெல்டிங் வேலைக்கு ராணிப்பேட்டை சிப்காட் பட்டறைகளில் ஆள் கிடைக்கும். மூடிய மைதானத்தில், நடை வேகத்துக்குச் சற்று மேல் இழுத்தால் போதும். பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது.

பிடிப்பின் உச்சத்துக்கு வட்ட ஓட்டம். 15 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வழுக்கும் விளிம்புவரை மெல்ல மெல்ல வேகம் கூட்டி, ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது. 8.5 வினாடி என்றால் பக்க முடுக்கம் 0.84 ஜி. பழகிய ஓட்டுநர், ஹெல்மெட், சுற்றி யாரும் இல்லாத மைதானம், இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

இப்படிக் கிடைப்பது பக்கவிசை வளைவின் தொடக்கச் சரிவு ஒன்று, உச்சம் ஒன்று. இந்த இரண்டு எண்ணுக்கு மேஜிக் ஃபார்முலா அதிகம், பிரஷ் மாடல் போதும். ட்ரெட்டைப் பல்துலக்கும் பிரஷ்ஷின் மயிர்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மயிரும் தரையைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டு வளையும், உராய்வின் எல்லையைத் தாண்டியதும் வழுக்கும். சரிவு டிகிரிக்கு 1,000 நியூட்டன், உராய்வு 0.85, சுமை 350 கிலோ என்றால், எல்லா மயிரும் வழுக்கத் தொடங்கும் கோணம் சுமார் 8.7 டிகிரி என்று இந்த மாடல் சொல்லும். இரண்டே எண்ணிலிருந்து இவ்வளவு வருகிறது, ஒவ்வொரு படியையும் தாளில் சரிபார்க்கவும் முடிகிறது.

மறைந்திருக்கும் செலவு நாள்தான். டிரெய்லர் கட்ட மூன்று வாரம், மழை, மைதான அனுமதி, டயர் தேய்மானம். சுமை மாறும்போது உராய்வு எப்படிக் குறைகிறது, சக்கரம் சாய்ந்தால் என்ன ஆகிறது, பிரேக்கும் வளைவும் சேர்ந்தால் என்ன என்பதையெல்லாம் இந்த வழியில் எடுக்க முயன்றால் ஒரு செமஸ்டர் போதாது.

வழி 3: இயந்திரத்தில் எடுத்த தரவு

உள்ளரங்கில், ஸ்டீல் பட்டை ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் டயரை அழுத்தி, கோணத்தையும் சாய்வையும் சுமையையும் மாற்றி மாற்றி எல்லா விசைகளையும் பதிவு செய்யும் இயந்திரங்கள் இருக்கின்றன. நம் தனிப்பட்ட புராஜெக்ட்டுக்கு அதை வாடகைக்கு எடுப்பது நடக்கிற காரியமில்லை. ரேஸ் கார் மாணவர் அணிகளுக்கு மட்டும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய டயர் டெஸ்ட் கன்சார்ட்டியம், பல கல்லூரிகளின் பணத்தைச் சேர்த்து, பஃபலோ நகரத்தில் உள்ள கால்ஸ்பான் கூடத்தில் சோதனை செய்து, உறுப்பினர் அணிகளுக்குத் தரவைத் தருகிறது. வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. அதை மதியுங்கள். சீனியர் கொடுத்த பென்டிரைவில் இருந்து எடுத்து அறிக்கையில் போடாதீர்கள்.

இந்தத் தரவுக்கு மேஜிக் ஃபார்முலா அருமையாகப் பொருந்தும். ஆனால் பட்டையின் மேல் ஒட்டியிருப்பது 120 கிரிட் உப்புத்தாள். ரேஸ் டயர் அதன் மேல் காட்டும் உராய்வு, நம் மைதானத்துத் தாரில் கனவிலும் வராது. அதனால் பல அணிகள் மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொள்கின்றன. இங்கேதான் ஒரு நுட்பமான தப்பு நடக்கிறது. மொத்த விசையையும் 0.67 ஆல் பெருக்கினால் உச்சத்தோடு தொடக்கச் சரிவும் குறைந்துவிடும். சரிவை முடிவு செய்வது பெரும்பாலும் டயரின் உடலும் ட்ரெட்டின் விறைப்பும்தான், உப்புத்தாளா தாரா என்பது அதை அவ்வளவாகத் தொடாது. எனவே 'டி'யைக் குறைக்கும்போது அதே விகிதத்தில் 'பி'யைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் பெருக்கல் பலன் மாறாமல் சரிவு நிற்கும். இதைச் செய்யாத அணியின் கணினிக் கார், ஸ்டீயரிங்குக்கு மந்தமாகப் பதில் சொல்லும். அவர்களோ சஸ்பென்ஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த 0.67 உங்கள் மைதானத்தின் எண் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். வழி 2இல் சொன்ன வட்ட ஓட்டத்தை உங்கள் காரிலேயே செய்து, அதிலிருந்து அந்த விகிதத்தை எடுங்கள். வளைவின் வடிவத்தை இயந்திரத்திடம் வாங்குங்கள், உயரத்தை நம் தரையில் எடுங்கள். அணிகளுக்கு நான் சொல்லும் வழி எப்போதும் இதுதான்.

சாதாரணக் கார் டயருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. அங்கிருப்பவை பெரும்பாலும் 10, 13 அங்குல ரேஸ் டயர்கள்.

வழி 4: ரப்பரை வெட்டி, கணினியில் டயர் கட்டுவது

அறிக்கையில் பார்க்க மிக அழகானது இதுதான், அதனாலேயே பலரும் இதை விரும்புகிறார்கள். ட்ரெட்டில் இருந்து டம்பெல் வடிவத் துண்டு வெட்டி, இழுத்து, விசை-நீட்சி வளைவு எடுத்து, ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் போடுவது.

முதல் பள்ளம் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டிரெங்த் லேபில் நிற்கும் யூ.டி.எம். (பொருளை இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் இயந்திரம்) 40 டன், இரும்புக் கம்பி இழுப்பதற்கானது. 6 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ரப்பர் துண்டு சுமார் 20 கிலோ விசையிலேயே அறுந்துவிடும். நெல் மூட்டை எடை போடும் தராசில் ஏலக்காயை வைத்ததுபோல, முள் அசையாது. தோல், செருப்புச் சோதனைக்கூடங்களில் உள்ள சிறிய இழுவை இயந்திரம்தான் இதற்குச் சரி. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இரண்டாவது, ரப்பருக்கு ஞாபகசக்தி உண்டு. கார்பன் பிளாக் சேர்த்த ட்ரெட் துண்டை முதன்முறை இழுக்கும்போது ஒரு வளைவு வரும். விட்டுவிட்டுத் திரும்ப அதே தூரம் இழுத்தால், இரண்டாவது வளைவு முதலாவதுக்கு நன்றாகக் கீழே ஓடும். முல்லின்ஸ் விளைவு என்பார்கள். சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தபோது, கிளிப் நழுவியிருக்கிறது என்று நினைத்து நான் மூன்று துண்டுகளைத் தூக்கிப் போட்டேன். நழுவல் இல்லை, அது ரப்பரின் குணம். ஓடும் டயர் ஆயிரக்கணக்கான முறை இழுபட்ட ரப்பர். எனவே நான்கைந்து முறை இழுத்துப் பழக்கிய பின் வரும் வளைவைத்தான் மாடலுக்கு எடுக்க வேண்டும், அதையும் டயரில் உண்மையாக வரும் நீட்சி அளவுக்குள்.

மூன்றாவது, ரப்பரின் விசை-நீட்சி வளைவுக்கு எந்தச் சமன்பாடு என்பது. மூனி-ரிவ்லின் 1940களைச் சேர்ந்தது. ஆக்டன் 1972. யோ 1990. ஆக்டன் நெகிழ்வானது, ஆனால் ஒரு திசை இழுவையை மட்டும் வைத்துப் பொருத்தினால், இருதிசை இழுவையில் பொருளே இல்லாத எண்ணைத் தரக்கூடும். மூனி-ரிவ்லினுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒரே ஒரு இழுவைச் சோதனைதான் கையில் இருக்கிறது என்றால் யோ போடுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் தடம் புரளாது. ரப்பர் அழுத்தினாலும் கன அளவு மாறாத பொருள் என்பதால் மென்பொருளில் ஹைப்ரிட் எலிமென்ட் (அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடும் வகை) தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி டயர் கல்லாகிவிடும்.

நான்காவது, டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. உள்ளே ஸ்டீல் பெல்ட், பாலியெஸ்டர் நூல். ஸ்டீலின் விறைப்பு ரப்பரைவிடப் பல்லாயிரம் மடங்கு. நூலின் கோணமும் இடைவெளியும் தெரியாமல் மாடல் கிடையாது. கம்பெனி வரைபடம் தராது. பழைய டயர் ஒன்றை வாங்கி, கட்டர் வைத்துக் குறுக்கே வெட்டி, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் நிற்காதீர்கள்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு பலருக்கும் தெரியவருவது ஒன்று: இந்த மாடல் பிடிப்பைச் சொல்லாது. டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு எண்ணை நீங்கள்தான் உள்ளே கொடுக்கிறீர்கள். கொடுத்த 0.85ஐத் தான் அது திருப்பிக் காட்டும். பிரேக் தூரத்துக்காக இந்த வழியில் இறங்கியவர்கள் ஒரு செமஸ்டரை இழந்திருக்கிறார்கள்.

எங்கே இதற்கு இணையே இல்லை? தடத்துக்குள் அழுத்தம் எப்படிப் பரவுகிறது, பெல்ட் ஓரத்தில் தகைவு எவ்வளவு, பக்கச்சுவர் எங்கே அதிகம் மடங்குகிறது, சூடு எங்கே சேர்கிறது, இவற்றுக்கு. ஆம்பூர் யூனிட்காரர் போன்ற உற்பத்தியாளருக்கு, அதிர்வைத் தாங்கும் புஷ், மவுண்ட் போன்ற பாகங்களின் விறைப்பைக் கணக்கிடவும் இதே வழிதான். அவரிடம் இழுவை இயந்திரமும் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் மீட்டரும் ஏற்கனவே இருப்பதால், இந்த நான்கில் அவருக்கு இதுவே மலிவு.

சூடு என்றதும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். ட்ரெட் கலவையை ஒப்பிடும்போது 0 டிகிரியிலும் 60 டிகிரியிலும் டான் டெல்டா என்ற ஆற்றல் இழப்பு எண்ணைப் பார்ப்பார்கள். 60இல் குறைவாக இருந்தால் உருளும் தடை குறைவு, 0இல் அதிகமாக இருந்தால் ஈரத்தில் பிடிப்பு அதிகம். "வேலூரில் என்றைக்கு சார் 0 டிகிரி வந்தது?" என்று கேட்டார் ஒரு மாணவி. சரியான கேள்வி. சாலையின் சிறு கற்கள் மேல் ட்ரெட் வழுக்கும்போது ரப்பர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை, அதற்கு மேலும் அதிர்கிறது. அவ்வளவு வேகத்தில் சோதனைக் கருவியால் ஆட்ட முடியாது. மெதுவாக ஆட்டிக் குளிரவைத்தாலும், வேகமாக ஆட்டிச் சூட்டில் வைத்தாலும் ரப்பர் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இந்தச் சமன்மையை வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி மூவரும் 1955இல் சமன்பாடாக எழுதினார்கள். எனவே அந்த 0 டிகிரி நம் ஐப்பசி மழையில் நனைந்த சாலைக்கான மாற்று எண். அதை நம் ஊர் வெப்பநிலையோடு ஒப்பிடக் கூடாது.

ஒரே பார்வையில்

| | கடன் எண்கள் | சொந்த அளவு, பிரஷ் மாடல் | இயந்திரத் தரவு, மேஜிக் ஃபார்முலா | ரப்பர் சோதனை, எஃப்.இ.ஏ. |
|---|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | எந்தத் திசையில் மாறும் என்பதற்கு | அந்த டயர், அந்தத் தரை | வளைவு, பிரேக், எல்லைவரை | உள் தகைவு, விறைப்பு, சூடு |
| எதற்கு உதவாது | துல்லியமான தூரம், நேரம் | சாய்வு, கூட்டு விசைகள் | வேறு டயர், குழி | பிடிப்பின் அளவு |
| பணம் | இல்லை | லோட் செல், வெல்டிங் | உறுப்பினர் கட்டணம் | சோதனைக் கட்டணம், மென்பொருள் |
| நாள் | ஒரு மாலை | 6 முதல் 8 வாரம் | கையில் வந்தபின் இரண்டு வாரம் | ஒரு செமஸ்டருக்குக் குறையாது |
| மறைந்த செலவு | அலகு, குறி | மழை, சரிவு, அனுமதி | உப்புத்தாள் உராய்வு | நூல் கோணம், முல்லின்ஸ் |
| பிழை பிடிபடுமா | அரிது | எளிது | வட்ட ஓட்டம் செய்தால் | தடத்தாளோடு ஒப்பிட்டால் |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். எஃப்.இ.ஏ. செய்பவர்களுக்கும் கிராஃப் தாள் தேவைப்படுகிறது. கணினி காட்டும் தடமும் பஞ்சர் கடையில் எடுத்த தடமும் வடிவத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் பெல்ட் கோணத்தையும் காற்றழுத்தத்தையும் திரும்பப் பாருங்கள். அமுங்கும் அளவையும் கூடவே ஒப்பிடுங்கள்.

யாருக்கு எது

இறுதியாண்டு மாணவர், நான்கு பேர் குழு, ஏப்ரலில் வைவா: வழி 2இல் தடம், செங்குத்து விறைப்பு, உருளும் தடை மூன்றையும் கட்டாயம் எடுங்கள். வெல்டிங் தெரிந்தவர் குழுவில் இருந்தால் டிரெய்லர். இல்லாவிட்டால் பக்கவிசைக்கு மட்டும் கடன் எண் போட்டு, அது கடன் என்று அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். தேர்வாளர் அதற்காக மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

ரேஸ் கார் அணி: வழி 3, கூடவே வட்ட ஓட்டம். விவாதமே வேண்டாம்.

ஏ.பி.எஸ்., தானியங்கி ஸ்டீயரிங் என்று கட்டுப்பாட்டு நிரல் எழுதுபவர்: வழி 1 போதும். ஆனால் உராய்வை 0.3 முதல் 0.9 வரை மாற்றிப் பார்த்து, நிரல் எல்லா இடத்திலும் தாங்குகிறதா என்று காட்டுங்கள்.

ரப்பர் பாகம் செய்பவர், டயர் ஏன் கிழிகிறது என்று ஆராய்பவர்: வழி 4. சஸ்பென்ஷனும் குழியும்தான் கேள்வி என்றால், செங்குத்து விறைப்பு ஒன்றோடு எளிய ஸ்பிரிங் மாடலே முதல் கட்டத்துக்குப் போதும்.

இந்த ஆண்டு தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதான வேலையை மார்ச் இரண்டாவது வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் எடுக்க வேண்டியிருந்தால் ஒரே சோதனையைக் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் செய்து, தாரின் சூட்டையும் டயரின் காற்றழுத்தத்தையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் எழுதிவையுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய டம்பெல் துண்டுகளில் மிச்சத்தை வெயில் படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்த எண்ணை மேலே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் ஜூனியர் அதே ரப்பரைத் திரும்ப இழுத்து, உங்கள் வளைவோடு வைத்துப் பார்க்கலாம்.